வெந்நீர் ஊற்றும் கோட்டைக் கற்களும்



நமது பங்கு பொன்விழாக் காணும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் எம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டனர். பங்கு தோன்றிய விதம், ஆலயம் எழும்பிய வரலாறு, இங்குப் பணிபுரிந்த குருக்கள், கன்னியர், பக்த சபைகள் ஆகியவை பற்றி இம்மலரின் வேறு பக்கங்களில் பெரியோர் எழுதியிருக்கின்றனர். எனவே நாம், பொன்விழாவுக்கு ஆயத்தமாக 2024 ஆகஸ்டில் மேற்கொண்ட மடுத் திருயாத்திரையின் கடைசி நாளைப் பற்றியும், அந்நாள் நமக்குக் கற்பித்த வரலாற்றைப் பற்றியும் எழுத விழைகிறோம். கடல் கடந்த ஊரின் கதை மயிலைப் பங்கின் விழாமலரில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பொறுமையோடு முடிவுவரை வாசித்தால் காரணம் விளங்கும்.

யாத்திரையின் நோக்கம் மடு மாதாவைத் தரிசிப்பதே. ஆகஸ்ட் 15ஆம் நாள் திருவிழாப் பூசையில் பங்குகொண்ட பின், கொழும்புக்குத் திரும்புமுன் ஒருநாள் மிச்சமிருந்தது. அந்நாளில் திருகோணமலைக்கும், அதற்குச் சிறிது தொலைவில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போவது என்று முன்னரே தீர்மானித்திருந்தோம். பேருந்தில் ஏறும்போது பங்குப் பேரவை உறுப்பினரான பெரியவர் ஒருவர், “ஃபாதர், மாதாவைப் பார்த்தாச்சு. இராவணன் கிணத்துல நமக்கு என்ன வேலை?” என்று கேட்டார். கேள்வியில் கோபமில்லை, உண்மையான தயக்கம் இருந்தது. அவருக்குப் பதில் சொல்லுமுன், நாங்கள் அங்குப் போக நேர்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நம் அன்பியம் ஒன்றில் இருக்கும் ஒரு தாய் 1990இல் திருகோணமலையிலிருந்து அகதியாக வந்தவர். தாய்வழியில் கத்தோலிக்கர், தந்தையோ சைவர். அவ்வாண்டு நடந்த சண்டையில் தந்தை இறந்தார். உடல் கிடைக்கவில்லை. மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்து, முகாமில் இருந்து, பின் சென்னையில் குடியேறி, இங்கே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். யாத்திரைக்குப் பெயர் கொடுக்க வந்தபோது அவர் எம்மிடம் சொன்னது இவ்வளவுதான்: “எங்கட ஐயா சைவம், சுவாமி. அவருக்கு அந்தியேட்டி செய்யேல்லை. கன்னியாவில ஒரு வாளி தண்ணி வார்த்தாப் போதும்.”

அந்தியேட்டி என்பது இறந்தவருக்காக முப்பத்தோராம் நாளில் ஈழத்துச் சைவர் செய்யும் சடங்கு. திருகோணமலை வட்டாரத்தில் அதைக் கன்னியாவில் செய்வது வழிவழி வந்த வழக்கம். முப்பத்தோராம் நாள் கடந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. குருமடத்தில் படித்த சட்டநூல் எதையும் நாம் புரட்டிப் பார்க்கவில்லை. இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுத்த யூதா மக்கபேயுவை வேதாகமம் புகழ்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. போகலாம் என்றோம்.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுரம் செல்லும் பெருஞ்சாலையில் சில மைல் சென்று உள்ளே திரும்பினால் கன்னியா வரும். ஒரு சிறு மதிலுக்குள் சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு கிணறுகள் அருகருகே உள்ளன. கிணறு என்றதும் நம் ஊர்க் கிணற்றை எண்ண வேண்டாம். இவை தொட்டி போன்றவை, குனிந்து வாளியால் மொண்டுவிடலாம். இறங்கிக் குளிக்க இயலாது. மொண்டு மேலே வார்த்துக்கொள்ள வேண்டும். ஏழுக்கும் ஒரே சூடு இல்லை. ஒன்று வெதுவெதுப்பாக இருக்க, அடுத்தது கைவைத்தவுடன் சுரீரென்கிறது. மிகச் சூடானது நாற்பது பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்.

எரிமலை இல்லாத நாட்டில் நீர் எப்படிக் கொதித்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நிலத்துக்குள் ஆழம் போகப்போக வெப்பம் மிகும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் இருபத்தைந்து பாகை என்பது பொதுக்கணக்கு. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே ஆறுவதற்குள் விரைந்து மேலேறி வருகிறது. இலங்கையின் கிழக்குப் பகுதியில் மகாஓயா உள்ளிட்ட வேறு சில இடங்களிலும் இத்தகைய ஊற்றுகள் உண்டு. ஆகவே இன்று நம் கையில் விழும் இந்நீர், எப்போதோ பெய்து, கண்காணாத ஆழத்தில் நெடுங்காலம் தங்கித் திரும்பிய மழையே.

மக்கள் சொல்லும் கதை வேறு. இராவணன் கோணேசர் மலையைப் பெயர்க்க முயன்ற காலத்தில், திருமால் முதியவர் வேடத்தில் வந்து, ‘உன் தாய் இறந்துவிட்டாள்’ என்று கூறினாராம். தாயின் இறுதிக் கடன் கழிக்க நீர் வேண்டி, இராவணன் தன் வாளால் நிலத்தை ஏழு இடங்களில் குத்த, ஏழு ஊற்றுகள் பீறிட்டனவாம். அதனாலேயே இன்றுவரை அங்கு இறந்தோர் கடன் கழிக்கப்படுகிறது.

இக்கதை கேட்ட பேரவைப் பெரியவர் மெல்லச் சிரித்தார். நாம் அவரிடம், “நம் சின்னமலைச் சுனையின் கதை என்ன?” என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். புனித தோமையார் தம்மைத் தேடிவந்த மக்களின் தாகம் தீர்க்கப் பாறையைத் தட்ட, நீர் சுரந்தது என்பதே சைதாப்பேட்டைக்கு அருகே 1551இல் போர்ச்சுக்கீசியர் ஆலயம் கட்டிய சின்னமலையின் மரபு. மோயீசனும் ஓரேபில் பாறையைத் தட்டினார். நீர் இல்லாத இடத்தில் நீரைக் கண்ட மனிதன், எந்தச் சமயத்தவனாயினும், அது தனக்குக் கொடுக்கப்பட்டது என்றே உணர்கிறான். மரபை மரபாகவும் வரலாற்றை வரலாறாகவும் வைத்துக்கொண்டு, இரண்டையும் மதிப்பதே அறிவுடைமை.

ஒரு காலத்தில் திருகோணமலைக்கு வந்தவர்கள் தவறாமல் பார்த்த இடம் கன்னியா. ஆங்கிலப் படையில் மருத்துவராக இருந்த ஜான் டேவி 1821இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இக்கிணறுகளை விவரித்திருக்கிறார். பூந்தமல்லிக் குருமடத்தில் எமக்குக் கற்பித்த முதிய குரு ஒருவர், 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடத்தில் படித்தவர். அக்குருமடம் 1955இல் பூனாவுக்கு மாறுமுன், விடுமுறையில் தோழர்களோடு கன்னியா சென்று குளித்ததை வகுப்பிலே சொல்லிச் சொல்லி மகிழ்வார். பிறகு போர் வந்தது. 1983 முதல் 2009 வரை அவ்வட்டாரம் அமைதி காணவில்லை. இன்று திருகோணமலைக்கு வரும் வெளிநாட்டார் நிலாவெளிக் கடற்கரையையும் புறாத்தீவையும் தேடிப் போகின்றனர். கன்னியாவில் அரைமணி நேரம் நின்றுவிட்டு நகர்கின்றனர்.

அங்கே இன்னொரு துயரமும் உண்டு. அவ்விடம் பழைய பௌத்த விகாரையைச் சேர்ந்தது என்கிறது தொல்பொருள் திணைக்களம். அங்கிருந்த பிள்ளையார் கோயிலும் கிணறுகளும் தங்கள் முன்னோர் வழிபட்டவை என்கின்றனர் சைவ மக்கள். 2019இல் இது போராட்டமாகவும் வழக்காகவும் வெடித்தது. தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. இறந்தவரை நினைத்து அழ வந்த இடத்திலும், இது யாருடைய இடம் என்ற சண்டையைத் தாண்டியே மக்கள் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் கண்ணாரக் கண்டோம்.

அந்தத் தாய் முதல் கிணற்றருகே போய் நின்றார். நெடுநேரம் வாளியைத் தொடவில்லை. அருகில் நாங்கள் நின்றோம். என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது, வரத் தயங்கிய அதே பேரவைப் பெரியவர் முன்வந்து வாளியை எடுத்து நீர் மொண்டு, “வாங்கம்மா” என்று அவர் கையில் கொடுத்தார். ஏழு கிணற்றிலும் அவரே மொண்டு கொடுத்தார். அந்தத் தாய் ஏழு முறையும் தந்தையின் பெயரைச் சொல்லி வார்த்துக்கொண்டார். பின்னர் நாங்கள் மரித்தோருக்கான செபத்தைச் சொன்னோம். சற்றுத் தள்ளி ஒரு சைவக் குடும்பம் தன் கடனைக் கழித்துக்கொண்டிருந்தது. அவர்கள் எங்களைப் பார்த்துக் கைகூப்பினர், நாங்களும் கைகூப்பினோம்.

கோட்டையில் கண்ட கற்கள்

மாலையில் திருகோணமலை நகருக்கு வந்தோம். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமுனையில் திருக்கோணேசுவரர் கோயில் இருக்கிறது. அதற்குப் போகும் வழி கோட்டை வாசலுக்குள் புகுந்தே செல்கிறது. புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும் அந்தக் கோட்டைக்கு ஆங்கிலேயர் 1803இல் பிரெடரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். ஆனால் அதைக் கட்டத் தொடங்கியவர்கள் போர்ச்சுக்கீசியர். கட்டப் பயன்பட்ட கற்கள் எங்கிருந்து வந்தன என்பதே நாம் சொல்ல வேண்டிய செய்தி.

1622ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி வீதியுலா சென்றிருந்த வேளையில், போர்ச்சுக்கீசியத் தளபதி கான்ஸ்தந்தீனு த சா த நோரோஞாவின் படையினர் கோயிலுக்குள் புகுந்து கொள்ளையடித்தனர் என்று சொல்லப்படுகிறது. கோயில் தகர்க்கப்பட்டது. இரண்டாண்டுகளில் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கோட்டை வாசலில் இன்றும் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் இருக்கிறது. அத்தளபதியும் படையினரும் நம் சமயத்தவர். கழுத்தில் சிலுவை அணிந்தவர்கள். கோவாவிலும் கொழும்பிலும் நற்கருணை வாங்கியவர்கள். அதை வேறுவிதமாகச் சொல்ல வழியில்லை.

பதினேழு ஆண்டுகள் சென்றன. 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். 1658க்குள் இலங்கையின் கரையெங்கும் அவர்கள் ஆட்சி வந்தது. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்களுக்கு இடம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மாந்தைக் கத்தோலிக்கர் 1670ஐ ஒட்டி மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதே மடுத் தலத்தின் தொடக்கம். பிறர் கோயிலை இடித்தவர்களின் வேத மக்கள், அரை நூற்றாண்டு கழிவதற்குள், தங்கள் பீடத்தைக் காட்டில் மறைக்க நேர்ந்தது.

அக்காலத்தில்தான் கோவா நாட்டுக் குருவாகிய புனித யோசேப் வாஸ் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கையில் கரையேறினார். கண்டியில் அவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிட்டனர். பின்னர் அவருடைய தூய வாழ்வைக் கண்டு, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் விடுதலை தந்து, தம் நாட்டில் பணிபுரிய இசைந்தார். அம்மன்னர் பௌத்தர். கிறிஸ்தவ ஆட்சியினர் வேட்டையாடிய கத்தோலிக்கக் குருவுக்குப் பௌத்த அரசர் நிழல் கொடுத்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசேப் வாசைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடுவுக்கும் சென்று செபித்தார். அந்தப் புனிதருக்கு நாம் செலுத்தும் வணக்கத்தில் ஒரு பங்கு அந்தப் பௌத்த மன்னருக்கும் உரியதே.

கோணேசுவரர் கோயில் மீண்டும் எழுந்த கதையும் கேட்கத்தக்கது. 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. கோயில் புதுப்பிக்கப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது. புதைத்து வைத்தவர்கள் திரும்பி எடுக்க வரவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண் அவற்றைக் காத்துக் கொடுத்தது.

மயிலைக்குத் திரும்புவோம்

இனி, இது நம் மலருக்கு ஏன் என்ற கேள்வி. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் கோணமலையையும் பாடினார். நம் மயிலையையும் பாடினார். இரண்டும் கடலோரத் தலங்கள். இரண்டிலும் போர்ச்சுக்கீசியர் கால்வைத்தனர். நம் முன்னோர் விசுவாசத்துக்கு அவர்கள் செய்த தொண்டு பெரிது. 1516 என்று ஆண்டு பொறித்த பிரகாச மாதா ஆலயமும், தோமையார் கல்லறைமீது அவர்கள் எழுப்பிய ஆலயமும், 1606இல் நிறுவப்பட்ட மயிலை மேற்றிராசனமும் அத்தொண்டின் சாட்சிகள். அவற்றுக்காக இந்தப் பொன்விழாவில் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

ஆயினும் மயிலை மக்கள் வழிவழியாகச் சொல்லும் வேறொரு செய்தியும் உண்டு. பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையில் இருந்தது; போர்ச்சுக்கீசியர் காலத்தில் அது அழிந்தது; இன்றைய கோயில் பின்னர் கட்டப்பட்டது என்பர். சாந்தோம் ஆலய வளாகத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அழிவுக்குக் கடலரிப்புப் பங்கு எவ்வளவு, மனிதர் கை எவ்வளவு என்று ஆய்வாளர் பேசுகின்றனர். அவர்கள் பேசட்டும். நம் காதில் விழாததுபோல் இருப்பது மட்டும் நமக்குத் தகாது. தெப்பக்குளத்து வீதியில் பூ விற்கும் அண்டை வீட்டுக்காரர் மனத்தில் உள்ளதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

“விழா மலரில் இதெல்லாம் வேண்டுமா?” என்று மலர்க்குழுவில் சிலர் கேட்டனர். ஜூபிலி என்ற சொல்லே அதற்கு விடை கூறுகிறது. லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தின்படி ஐம்பதாம் ஆண்டு வெறும் கொண்டாட்ட ஆண்டு அன்று. அது கடன் தீரும் ஆண்டு. அடிமை விடுதலை பெறும் ஆண்டு. நிலம் உரியவனிடம் திரும்பும் ஆண்டு. கணக்குப் பார்க்காமல் ஜூபிலி இல்லை. 2000ஆம் ஆண்டு மகா ஜூபிலியில், மார்ச் 12ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் புனித இராயப்பர் பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காகப் பகிரங்கமாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இலேயே வத்திக்கான் சங்கம் போதித்திருக்கிறது. திருச்சபைத் தலைவர் உலகறியச் செய்ததை ஒரு பங்கு மலர் நாலு பக்கத்தில் செய்ய அஞ்ச வேண்டியதில்லை.

நம் பங்கின் ஐம்பது ஆண்டு வரலாற்றிலும் நீர் பெரிய பாடம் கற்பித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், திருக்குடும்பத் திருநாளாகிய ஞாயிறு காலையில், திருகோணமலைக் கரையில் ஏறிய அதே ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்திலும் ஏறியது. அன்று கரையோரக் குடிசைகளை விட்டு ஓடிவந்தவர்களிடம் எவரும் சமயம் கேட்கவில்லை. எந்த வீட்டுக் கஞ்சி, எந்தக் கோயில் சோறு என்று பசித்தவர் பார்க்கவில்லை. அன்று நாம் இருந்தபடி என்றும் இருந்தால் போதும்.

யாத்திரை முடிந்து திரும்பியதும் பங்குப் பேரவை கூடியது. கன்னியாவில் நீர் மொண்டு கொடுத்த பெரியவரே ஒரு யோசனை சொன்னார். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள் பூசையில், நம் குடும்பங்களின் மரித்தோர் பெயர்களை வாசிக்கிறோமல்லவா? அப்பட்டியலில், நம் தெருக்களில் நம்மோடு வாழ்ந்து இறந்த பிற சமய அண்டை வீட்டாரின் பெயர்களையும், அவர்கள் குடும்பத்தார் விரும்பினால், சேர்த்து வாசிக்க வேண்டும் என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. 2024 நவம்பரில் வாசித்த பட்டியலின் முதற்பெயர், கன்னியாவில் ஏழு வாளி நீர் வார்க்கப்பட்ட அந்தச் சைவத் தந்தையின் பெயரே. அவருடைய மகள் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். அவர் வேண்டிக்கொண்டபடி பெயரை இங்கே குறிப்பிடவில்லை, ஆண்டவர் அறிவார்.

பங்கு மக்களே, ஆழத்தில் இறங்கிய மழைநீர் வீணாகிவிடுவதில்லை. காலம் கழித்துச் சூட்டோடு திரும்பி வருகிறது. நம் முன்னோர் செய்த நன்மையும் அவ்வாறே நம்மை வந்தடைந்திருக்கிறது. அவர்கள் செய்த தவறின் சூடும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் பணிவோடு ஏற்றுக்கொள்வோம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் பிள்ளைகள் இம்மலரைப் புரட்டும்போது, நாம் கட்டிய மணிக்கூண்டைப் பற்றி வாசிப்பதோடு, நாம் அண்டை வீட்டாரோடு எப்படி வாழ்ந்தோம் என்பதையும் வாசிக்கட்டும்.

மடு மாதாவின் பரிந்துரையாலும் புனித தோமையாரின் மன்றாட்டாலும் எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கையும், நம் தெருக்களில் வாழும் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.

இறை அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை